ஒழுகாத கூரை

ஒரகடத்தில் வேலை கிடைக்காமல் மறைமலை நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்றாம் வருஷ மழைக்காலம். லேத் பட்டறை முதலாளி சைக்கிளில் துரத்திவந்து நிறுத்தினார். முந்தின வருஷக் காற்றில் உடைந்த அவருடைய கூரையை இறக்கி, புது ஷீட் போட்டவர்களில் நானும் ஒருவன். மிஷின் துருப்பிடிக்குமே என்று அன்று அவசரப்பட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்தபோது கூரை புதிதாக இருந்தது. சேதமே இல்லை என்று ரிப்பேர் பில்லைத் தள்ளிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டிருந்தார்.

ஒல்லியான மனிதர். பேச்சின் நடுவே அண்ணாந்து பார்ப்பார், வெட்டவெளியில்கூட.

"ஒழுகினு கெடக்கட்டும்னு வுட்டிருந்தா நம்பியிருப்பானுங்க. சரி பண்ணது என் தப்பாப்பா?"

"உடைஞ்சத நான்தான மொதலாளி எறக்கினேன்."

"அத கோர்ட்ல வந்து சொல்லு. வேற யாரும் கெடைக்கல. சம்மன் அனுப்ப உன் அட்ரஸ் இன்னா?"

"எனக்கு ஏது அட்ரஸ்?"

"அப்ப பட்டறை அட்ரஸையே குடுக்கறேன். அப்பப்ப வந்து கேட்டுக்கோ. வருவ இல்ல?"

எந்த ஊரிலும் நான் தங்கியதில்லை. மறைமலை நகர்ப் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் அங்கேயே நின்றிருந்தார்.

மறுநாள் காலை மறைமலை நகரில் செங்கல் சுமக்கச் சேர்ந்தேன். மேஸ்திரி விலாசம் கேட்டார். பட்டறை விலாசத்தைச் சொன்னேன்.