இழவு வீட்டில் பாயச வாசனை

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அந்த சென்ட் பாட்டிலை வாங்கித் தந்தவளும் அவள்தான்.

சென்ட் என்றால் எனக்குத் தெரிந்தது மல்லி, ரோஜா, ஜவ்வாது. இது வேறு. பீய்ச்சியதும் கருகின சர்க்கரை மாதிரி மூக்கில் ஏறும். உடம்புச் சூடு பட்டதும் பால் சுண்டுகிற வாசனை வரும். அப்புறம் ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. வேர்க்க வேர்க்கக் கூடுமே தவிரக் குறையாது. தாம்பரம் வெயிலில் கேட்கவா வேண்டும்? மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

மீன் கூடை சுமந்து பிழைத்தவள் நான். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி தலைப்பால் மூக்கை மூடுவாள். என் அண்ணன் பம்மலில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலையில் இருந்தார். ஊறப்போட்ட தோலின் நாற்றம் எத்தனை முறை குளித்தாலும் அவரை விட்டுப் போகாது. "நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறுனா டிரைவரே எறங்கி ஓடிடுவான்" என்பார்.

அவர் வீட்டுக்கு நான் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அண்ணி தன் தம்பிக்கு என் பெண்ணைக் கேட்டாள். அவன் குடிகாரன், தரமாட்டேன் என்றேன். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் மட்டும் எப்போதாவது மார்க்கெட் பக்கம் வந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்றைக்குக் குன்றத்தூர் கோயிலுக்குப் போகலாம் என்று குளித்து, கழுத்திலும் கையிலும் தாராளமாகப் பீய்ச்சிக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னா ஸ்வீட்டும்மா எடுத்துகினு போறீங்க, செம வாசனையா கீது" என்றாள்.

நான் சிரித்து முடிப்பதற்குள் போன் வந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து அண்ணன் போய்விட்டாராம். போகிற வழிதான் பம்மல். அங்கேயே இறங்கிவிட்டேன். கூடப் பிறந்தவள், என் கையால் ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை.

பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். ஊதுபத்தியும் சாமந்தியும்தான் மணந்தன. நான் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் பழசை மறந்து என் தோளில் சாய்ந்தாள். சாய்ந்தவள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"இன்னா வாசன இது?"

"பாயசம் மாரி கீதுக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என் வூட்ல எழவு வுழுந்துகீது, நீ பாயசம் காச்சிக் குடிச்சிட்டு வந்துகீறியா?"

"இல்ல அண்ணி, சென்ட்டு. சேதி தெரியாம அடிச்சிகினு வந்துட்டேன்."

"பாயசத்துல எவண்டி சென்ட்டு செய்வான்? பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லு."

பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். பேத்திக்குப் போன் போட்டேன். வேலை நேரம், எடுக்கவில்லை. தெருக்குழாயில் யாரோ வைத்திருந்த துணி சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் பட்டு வாசனை இன்னும் எழும்பியது.

திரும்பி வந்தபோது வாய்க்கரிசித் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் அண்ணி தட்டை அடுத்தவள் பக்கம் நகர்த்தினாள்.

"வாய்க்கு ருசியா துன்னுட்டு வந்த கை. இதுல பட வேணாம்."

சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று நின்றுவிட்டேன். தூக்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்று பார்த்தேன்.

நான் பாயசம் குடித்துவிட்டு வந்த கதையை அண்ணி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வாசனையை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன், நல்ல வாசனைதான்.

"நானே போய் அந்தப் பாட்டிகிட்ட சொல்றேன் ஆயா" என்கிறாள் பேத்தி.

சொன்னால் அண்ணி நம்பினாலும் நம்புவாள். நம்பி என்ன? அரிசி போட அந்த வாய் எங்கே இருக்கிறது?