வெள்ளிக்கிழமை கேட்காத கூலி

பலெர்மோவில் கபோச் சந்தைக்குப் பின்னால் ஓர் இத்தாலியச் சின்யோராவின் பழைய வீட்டுக்கு அத்தானும் நானும் சாந்து பூசினோம். வீட்டைத் திருத்தும் வேலை முழுவதையும் கொந்தராத்து எடுத்தவன் ஒரு பலெர்மோக்காரன். அவனிடமிருந்து பூச்சு வேலையை மட்டும் அத்தான் எடுத்திருந்தார், வெறும் வாய்ப்பேச்சில். வேலை முடிந்ததும் அவன் எங்கள் டெலிபோன் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

அந்தக் காசில்தான் அக்காவுக்குக் கொழும்பிலிருந்து டிக்கெட் போட இருந்தோம். விசா கிடைத்துவிட்டது. மாத முடிவோடு அது காலாவதியாகும்.

வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு இன்னும் எங்களிடம் இருந்தது.

"காசு தருமட்டும் திறப்பைக் குடாதேங்கோ அத்தான்," என்றேன்.

"பேந்து பொலிஸ் வரும். முதல்லை உன்ரை பெர்மெசோவை, இஞ்சை இருக்கிற அனுமதிக் கடதாசியைத்தான் கேப்பாங்கள்."

நான் நூலகத்துக்கு ஓடினேன். இத்தாலியச் சட்டப் புத்தகத்தை அகராதியோடு படிப்பது அப்போது எனக்கு ஒரு விளையாட்டு. வீட்டைப் பிடித்துவைக்க வழியில்லை. காய்ந்த சாந்து சுவரோடு சேர்ந்துவிட்டது, இனி அது வீட்டுக்காரருடையது. ஆனால் வேறொரு பிரிவு இருந்தது. கூலி கிடைக்காத வேலையாள் வீட்டுக்காரரிடமே நேராகக் கேட்கலாம். கேட்கிற நாளில் வீட்டுக்காரர் கொந்தராத்துக்காரனுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான். கடைசிக் காசை யன்னல்களுக்குப் புதுக் கதவுகள் பொருத்திப் பூட்டிய பிறகே கொடுப்பேன் என்று சின்யோரா எங்களிடம் சொல்லியிருந்தார். பூச்சு வேலையைத் துணைக் கொந்தராத்தாக எடுத்த அத்தானை வேலையாளாகக் கணக்கெடுப்பார்களா என்பது சந்தேகம். கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஒரேத்தோத் தெருவில் எங்கள் அறைக்கு வந்தபோது, அத்தான் ஃபிரிட்ஜுக்கு மேலிருந்த சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கே சின்யோராவிட்டைப் போவம். நாங்கள் கேட்டுட்டால் பிறகு அவ எங்களை விட்டுட்டு அவனுக்குக் குடுக்கேலாது."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஓம், அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை நாங்கள் ஆருக்கும் காசு குடுப்பமோ? பிறகென்னெண்டு இன்னொரு வீட்டிலை போய் எடு எண்டு கேக்கிறது?"

"அவவுக்கு வெள்ளியெண்டால் மீன் தின்னிற நாள், அவ்வளவுதான்."

"அது அவவின்ரை வழக்கம். உம்மடை சட்டம் நாளைக்கும் இருக்கும், அப்புக்காத்தர்."

சனிக்கிழமை காலையில் போனோம். சின்யோரா கோப்பி போட்டுத் தந்தார். யன்னல்களில் புதுக் கதவுகள் பூட்டியிருந்தன. நான் பாடமாக்கி வைத்திருந்த இத்தாலிய வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நேற்றுப் பின்னேரம் அவன் வந்தான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்," என்றார். "உங்களுக்குத் தரவில்லையா?"

அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை. நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். அது இனித்ததா கசந்ததா என்று நினைவில்லை. அத்தான் திறப்பை மேசையில் வைத்தார்.

கதவு பூட்டியவர்கள் ஒரு யன்னலோரச் சாந்தை உடைத்துவிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய முடியுமா என்று சின்யோரா தயங்கிக் கேட்டார்.

"சீ, சின்யோரா," என்றார் அத்தான். இத்தாலியனில் அது ஆம். மிச்சச் சாந்துப் பை மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. நான் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அவர் பூசினார்.

மாதத்தோடு விசாவும் முடிந்தது. பல்லரோச் சந்தையில் ஒரு டெலிபோன் கடையிலிருந்து அத்தான் அக்காவுக்கு எடுத்தார். டிக்கெட் என்னாயிற்று என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"யன்னல் கரையிலை கொஞ்சம் உடைஞ்சு கிடந்தது," என்றார். "அதைப் பூசிக் குடுத்திட்டு வந்தனாங்கள்."