மாடி காலி, நீங்க எந்தத் தெரு?

வீட்டுத் தரகு என்பது, இல்லாத வீட்டைத் தேடுகிறவருக்கும் இருக்கிற வீட்டை இல்லை என்கிறவருக்கும் நடுவில் ஸ்கூட்டர் ஓட்டும் தொழில். "எத்தனை பேரு? கறி சமைப்பீங்களா? சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா?" என்ற கேள்விகளுக்கெல்லாம் இளித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் சொந்தக்காரர்தான்.

திருவையாற்றுக்குப் பாட்டு கற்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அதைக் கேள்விப்பட்டு வந்தவர்தான் ஜானகி அம்மா. மலேசியாவில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நியாயமான வாடகையில், இரண்டு வருடமாவது இருக்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்றார். பாட்டு கற்கவா என்று கேட்டேன். "பாட்டெல்லாம் எனக்கு வராது தம்பி. சும்மா இங்க இருக்கணும், அவ்வளவுதான்."

பாஸ்போர்ட் வாடகை

முதல் வீடு ஓர் உரக்கடைக்காரருடையது. காலையில் போனில் எனக்கு ஒரு வாடகை சொன்னார். மதியம் அம்மாவின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வாங்கியதும் அதை இரண்டு மடங்காக்கிவிட்டார். ஜானகி அம்மா கோபப்படவில்லை. பென்ஷனில் வாழ்கிறவள், இது கட்டுப்படியாகாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. நாக்கு எத்தனை பக்கம் புரளும் என்று கேட்டே விட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க வருத்தம்? அவங்க ஊர்க் காசுல பாத்தா அது டீச்செலவுங்க."

வெள்ளையாக இல்லாத வெளிநாட்டுக்காரர்

இரண்டாவது வீட்டுக்காரர் வெளிநாட்டு அம்மா வருகிறார் என்று குளியலறைக்கு டைல்ஸெல்லாம் மாற்றி வைத்திருந்தார். எதிர்வீட்டாரிடமும் சொல்லி வைத்திருந்தார் போல; அவர்களும் வாசலில் நின்றார்கள். நூல் புடவையும் தலையில் பூவுமாக ஜானகி அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார். வீட்டுக்காரர் அவரைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார், இன்னும் யாராவது இறங்குவார்களா என்று.

பிறகு என்னைத் தனியே இழுத்துப் போய், "ஃபாரின் லேடின்னு சொன்னீங்க, பாபநாசம் பஸ்ல வந்து இறங்குன மாதிரி இருக்காங்களே" என்றார். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். எனக்கு அவமானமாக இருந்தது. காதில் விழுந்துவிட்ட ஜானகி அம்மாவின் முகமோ மலர்ந்துவிட்டது. "நெசமாவா? இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க தம்பி."

நல்ல மனிதர்கள்

மூன்றாவது, ஒரு வயதான தம்பதியின் மாடி. ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால், அதைத் தாண்டி நடவு முடிந்த வயல். வாடகையும் நியாயம். காபி கொடுத்து உட்கார வைத்து, வெளிநாட்டில் இருக்கும் தங்கள் மகனைப் பற்றி அந்த அம்மா கண் கலங்கச் சொன்னார். கைக்குழந்தையோடு வீடு தேடி அலைகிறானாம். இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்துகிறார்களாம். ஜானகி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பெரியவர், "உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே கடல் தாண்டி வந்தவர்போல ஜானகி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் பெயரைச் சொன்னார். தன் முப்பாட்டனார் அங்கே பண்ணையாளாக இருந்து, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் என்றார். பெரியவர் அதோடு விடாமல், "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். ஜானகி அம்மா தெருவையும் சொன்னார். அந்த ஊரில் அந்தத் தெரு என்றால் என்ன சாதி என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது வெறும் தெரு.

பெரியவர் "ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்தார். மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. "பையன் வர்றான்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. நீங்க நம்மூர்க்காரர், உங்களுக்குச் சொல்லவா வேணும்?"

சொல்லாமல் இருந்தால்

பையன் வருகிறான் என்று ஜானகி அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார். என் ஊரைப் பற்றி ஒரு விருந்தாளியிடம் இப்படிச் சொல்ல நேர்ந்ததில் எனக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. தொழில் புத்தி மட்டும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டில் மலேசியா என்று மட்டும் சொல்லுங்கள், ஊரும் தெருவும் வேண்டாம், ஒரே நாளில் சாவி வாங்கித் தருகிறேன் என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கண்ணாடி டம்ளரை மெதுவாக வைத்தார். "எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு அந்த ஊரு பேரையும் தெரு பேரையும் சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்தாரு. அத மறைச்சுத்தான் இங்க இருக்கணும்னா, நான் எதுக்குத் தம்பி வந்தேன்?"

தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் சில வாரம் இருந்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார். எத்தனையோ வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஊரில் வீடு பிடித்துக் கொடுத்த எனக்கு, ஊர்க்காரர் ஒருவர் வந்து கேட்டபோதுதான் முடியவில்லை.