ஒரு தனித்தட்டு

நபிகள் பிறந்த மீலாது மாதத்தில் குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் பெண்களுக்கு மார்க்கச் சொற்பொழிவு, பயான், வைத்திருந்தோம். பயான் முடிந்ததும் சகன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, சுற்றி நான்கு பேர், நான்கு கையும் ஒரே சோற்றில். அதைத்தான் சகன் என்போம். வெளியாட்களிடம் பெருமையடித்துக்கொள்ள எங்களுக்கு இதைவிட வேறொன்று கிடையாது.

தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணை அன்று நான்தான் அழைத்திருந்தேன். அவள் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். போன வருஷம் அவளும் அவள் புருஷனும் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார்கள். எதைப் பார்த்து வந்தாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரே தட்டுல எல்லாரும் உக்காந்து தின்பீங்கன்னு சொன்னாங்கக்கா. நெசமான்னு பாக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அதற்காகவே எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

பயான் சொல்ல வந்த ஆலிமா நன்றாகத்தான் பேசினார். அநாதையாக வளர்ந்து ஆடு மேய்த்த நபிகள் நாயகத்துக்கு மலைக்குகையில் வஹீயாக இறைச்செய்தி வந்ததைச் சொன்னார். இறைவன் ஒருவன், அவனுக்கு இணையில்லை, அவன் முன்னால் குலமும் நிறமும் செல்லாது என்று சொன்னதற்காக அவர் கல்லடி பட்டதையும், பிறந்த ஊரை விட்டு மதீனா போனதையும் சொன்னார். பிறகு மக்கா வசமானபோது கஅபாவின் மேல் ஏறித் தொழுகைக்குப் பாங்கு சொன்னவர், அடிமையாக இருந்து விடுதலையான ஒரு கறுப்பர் என்றார். அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண் இல்லை. என் மாமியார் மூக்கையே சிந்தினார்.

சகன்களை வைத்தோம். ஒன்றின் முன் அவள் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே இருந்த மூவரில் ஒருத்திக்குத் திடீரென்று முட்டி வலி வந்து நாற்காலி தேடிப் போனாள். இன்னொருத்தியை யாரோ கூப்பிட்டார்களாம். மூன்றாமவள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அடுத்த சகனில் ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் நான்கு பேர் சோற்றின் முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சீ, அழுத கண் காய்வதற்குள்ளாகவா!

மாமியார் என் காதருகே வந்தார். "முன்னால என்ன ஆளுங்களோ, என்னமோ. அவிங்களுக்கும் கூச்சமா இருக்குமில்ல? தனியா ஒரு தட்டுல போட்டுக் குடுத்துரு கண்ணு."

முழங்காலை மடக்கி அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். நான் உட்காரவில்லை. சமையலறைக்குப் போய்த் தட்டு எடுத்து வந்து, சோறு போட்டு, இரண்டு கறித்துண்டு கூடுதலாகவே வைத்தேன். மற்றவர்கள் எழுந்துதான் போனார்கள்; நான் அவளுக்குப் பரிமாறினேன்.

அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட என்னிடம் கொண்டு வந்தாள்.

"அக்கா, இத எங்க வக்கிறது? மத்ததோடவா, தனியாவா?"

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், தேனொழுகும் குரலில், "அந்த சன்னல்ல வெச்சுருங்க கண்ணு" என்றார்.

அவள் போய் வைத்தாள்.