குவயட்டா, சைலண்ட்டா?

எல்.கே.ஜி. படிக்கும் என் மகளின் டைரியில் மிஸ் ஒரே வரி எழுதி அனுப்பியிருந்தார். அவள் வகுப்பில் மிகவும் சைலண்ட்டாக இருக்கிறாளாம்.

இது பாராட்டா, புகாரா? நான் பி.காம். படித்தவள்; ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட மனம் வராது. ‘குவயட்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போயிருப்பேன். குவயட் என்பது சுபாவம். அப்படிப்பட்ட பிள்ளை மெதுவாகவாவது பேசும். சைலண்ட் என்றால் வாயே திறப்பதில்லை. மத்தியான நேரத்துச் செஞ்சி கடைத்தெரு குவயட். கரண்ட் போனபின் என் மிக்சி சைலண்ட்.

“ரெண்டும் ஒண்ணுதான். இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற?” என்றார் கணவர். “வூட்ல இவ வாய மூடுனா போதும்னு இருக்குது.”

அதுவும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போனபோது ஒரு குரங்கிடம்கூட “சாப்டியா?” என்று விசாரித்தவள் அவள்.

மூன்று நாள் அகராதியும் நானுமாகக் கழிந்தன. அந்த மூன்று நாளும் அவளுடைய தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தது. தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி அகராதியைத் திறந்தேன்.

நான்காம் நாள் வேனிலிருந்து இறங்கியவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“ஸ்கூல்லயே போலாம்ல?”

“தமிழ்ல கேட்டா நிக்க வெப்பாங்கம்மா. இங்கிலீஷ்ல சொல்றது மறந்து மறந்து போவுது.”

“அப்புறம் இன்னா பண்ணுவ?”

“தண்ணி குடிக்கலன்னா வராதுல்ல.”

ஒரு வாக்கியம் வராததால் அவள் நாளெல்லாம் தாகத்தோடு இருந்திருக்கிறாள். நான் ஒரு சொல்லை ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். அங்கே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போதே நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். மிஸ் வந்து “யெஸ் மேடம்?” என்றதும் நான்கும் போய்விட்டன. நான் நின்ற நிலைக்கு குவயட் என்ற சொல் நிச்சயமாகப் பொருந்தாது.

“இன்னாம்மா, சொல்லுங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், என் பொண்ணு ஒண்ணுக்குப் போவணும்னு தமிழ்ல கேட்டா வுட்ருங்க மிஸ். நிக்க வெக்காதீங்க. அதுக்கு பயந்துக்கினு தண்ணியே குடிக்கறதில்ல.”

அவர் முகம் மாறிவிட்டது. பிரின்சிபல் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஐயோ, இத்தன நாளா அடக்கிக்கினா இருந்துச்சு? சுண்டுவிரல காட்டச் சொல்லுங்கம்மா, போதும். அதுக்கு இங்கிலீஷும் வேணாம், தமிழும் வேணாம்.”

ஆக, என் மகள் சைலண்ட்டாகவே இருக்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்று மாலை பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. டைரியில் மிஸ் எதுவும் எழுதவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமாக இருப்பாரோ?