மாமா மீன் அரிந்த மாதங்கள்

படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் மாமா முதன்முதலாக அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லுங்கியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அரிவாள்மனையைக் காலால் அழுத்தியபடி, யாரையும் நிமிர்ந்து பாராமல் ஒரு சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை கைகளை மடியில் போட்டுக்கொண்டு விலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறுசேரிக்கு ஆபீஸ் வண்டி பிடிக்க நின்றிருந்த நான் அருகில் போனபோது, "இன்னா பாக்குற? வண்டி வந்துடும், போ" என்றார் மாமா.

எங்கள் குப்பத்தில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். மீன் கரையேறிய பிறகு எல்லாம் பெண்கள் பாடு. ஏலம் எடுப்பது, கூடை சுமப்பது, அரிவது, வாங்க வருகிறவர்களிடம் வாயாடுவது எல்லாமே அவர்கள்தான். ஓர் ஆண் போய் மீன் விற்க உட்கார்ந்தால் மாமல்லபுரம் கடற்கரை முழுக்க அதுதான் பேச்சு. மாமா இதில் படு கறார். வீட்டுக் குழம்புக்குக்கூட மீன் கழுவித் தர மாட்டார்.

அத்தைக்கு முடக்குவாதம். விடியற்காலையில் இரண்டு கை விரல்களும் வீங்கி விறைத்துக் கிடக்கும். அதற்கு அவள் வருஷக்கணக்காக நம்பியிருந்தது செட்டு மாத்திரையை. மருந்துக் கடையில் வலி என்று சொன்னால், பெயர் எதுவும் எழுதாத காகிதத்தில் கலர் கலராக நாலைந்து மடித்துத் தருவார்களே, அது. போட்டால் சற்று நேரத்தில் விரல்கள் மடங்கும், அத்தை கூடையைத் தூக்குவாள். அந்தக் கடைக்காரருக்கு அவள் மனதில் சாமிக்கு அடுத்த இடம். வைத்தியம் என்றால் அதுதான் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

பிறகு கால் வீங்கியது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மாமாவும் நானும் அவளைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே முதல் வேலையாக ஈசிஜி எடுத்ததில் அத்தைக்குப் பொல்லாத கோபம். "கை வலின்னு வந்தா மாருல இன்னாத்துக்கு ஒயரு ஒட்டுறாங்க?" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "கையில இருக்கற இதே வியாதி இதயத்துக்குப் போற ரத்தக் குழாயையும் உள்ளுக்குள்ளயே கெடுக்கும்மா. நீங்க வலிக்குப் போட்ட மாத்திரை பிரஷரை வேற ஏத்தி விட்டிருக்கு. இப்படியே போனா நெஞ்சு தாங்காது" என்றார். கைக்கு, வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை எழுதினார். பிரஷருக்கும் கொழுப்புக்கும் தனித்தனியாக எழுதினார். பொட்டலத்தில் ஸ்டீராய்டும் இருந்ததாம், அதைத் திடீரென நிறுத்தக் கூடாதாம். அதைத் தாமே அளவோடு தந்து சிறிது சிறிதாகக் குறைப்பதாகச் சொன்னார். புது மருந்து வேலை செய்ய மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை வலி இருக்கும், ஆனால் கடைப் பொட்டலத்தைத் தொடவே கூடாது.

"மூணு மாசம் மீனு யாரு அரியறது?" என்று கேட்டாள் அத்தை. திரும்பி வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே மாமா, "நான் அரியறேன்" என்றார். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆனால் அவர் சொன்னதைச் செய்தார். இருட்டோடு கடலுக்குப் போய்விட்டு, கரைக்கு வந்த கையோடு அத்தையுடன் படூருக்குக் கிளம்பிவிடுவார். வேலை சுத்தமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். படகில் கும்பலாகச் சாப்பிடுவதற்கு வெட்டுகிற மாதிரி வஞ்சிரத்தைத் தடி தடியாகப் போட்டார். "இந்த ஒரு துண்டு எங்க வீட்டுல ரெண்டு நாளைக்கு வருமே" என்று ஓர் அம்மாள் புலம்பினார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவருடைய படகுக்காரர்களே வேடிக்கை பார்க்க பைக்கில் வந்துவிட்டார்கள். "அண்ணாத்த, பொடவ எப்ப கட்டப் போற?" என்றான் ஒருவன். மாமா அடுத்த மீனை எடுத்து அரியத் தொடங்கினார். அத்தையின் முகம்தான் செத்துப் போயிற்று.

மறுநாள் காலை நான் வந்தபோது அரிவாள்மனையில் அத்தை இருந்தாள். விரல்கள் மீனை இறுகப் பிடித்திருந்தன. நான் அசந்து போய், மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மாமா சந்தோஷப்படவில்லை. அவள் எதிரில் குந்தி, "எடு" என்று கையை நீட்டினார். அத்தை சுருக்குப் பையிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"உன்னப் பாத்து சிரிக்கிறாங்கய்யா. என்னால பாத்துகினு குந்த முடியல" என்றாள்.

"சிரிக்கட்டும். உன் கை போனா என் கை கீது. நெஞ்சு போச்சினா நான் இன்னாத்த குடுப்பேன்?"

அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தை அரிவாள்மனையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மருந்து மெதுவாகத்தான் பிடித்தது. வலி முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். சின்ன மீன்களை அத்தை அரிகிறாள், வஞ்சிரம் மட்டும் இன்னும் மாமாவுடையது. போன மாதம் செங்கல்பட்டில் ஈசிஜி பார்த்த டாக்டரம்மா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, கால்களை அழுத்திப் பார்த்து, இப்படியே போகட்டும் என்றார். வெளியே வந்து மாமல்லபுரம் பஸ்ஸுக்கு நின்றோம். முன்பெல்லாம் மாமா முழங்கையைப் பிடித்துத் தூக்கித்தான் அவளைப் படியேற்றுவார். அன்று பஸ் வந்ததும் அத்தை தானே கம்பியை எட்டிப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் கம்பியை இறுக்கின. மூச்சு வாங்காமல் மேலே ஏறிப் போய் இடம் பிடித்து, "இன்னும் இன்னா நின்னுகினு கீற, ஏறு" என்றாள். மாமா அவள் முழங்கைக்காக நீட்டிய கையை இன்னும் இறக்கியிருக்கவில்லை.