கால்நடை வேலியருகே

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பு நிலத்தைச் சுற்றிவிட்டு விக்டோரியா அருவிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். சாலையின் குறுக்கே கம்பிவேலியும் ஒரு கேட்டும். வழிகாட்டி எல்லாரையும் சஃபாரி வண்டியிலிருந்து இறங்கச் சொல்கிறார். மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கை மிதித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

"எதுக்காம் ஆத்தா?" என்கிறார் அப்பா. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகள் என்னைப் பார்க்க மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்தவர்.

"மாட்டுக்குக் கோமாரி பரவாம இருக்கவாம்ப்பா."

அப்பா சாக்கின் மேலேயே நின்றுவிடுகிறார். "நம்ம காளை ரெண்டும் அதுலதான போச்சு. அவுககிட்டச் சொல்லு."

கேட்டில் நிற்கும் காவல்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்கிறேன். தங்கள் மாடுகளும் ஒரு நோயில் மொத்தமாகப் போய்விட்டன என்கிறார் அவர். பிறகு, "உங்க காளைகளுக்கு என்ன பேரு?" என்று கேட்கிறார்.

ஊரில் நடவு நாட்களில் எங்கள் காளைகள் வயிறு வரை சேறோடு வரும். அப்பா வாய்க்காலில் இறக்கி வைக்கோலால் தேய்ப்பார். நான் கரையில் நின்று கொம்புகளில் தண்ணீர் இறைப்பேன். அவை போனபின் உழவுக்கு டிராக்டர் வந்தது. அந்தப் பெயர்களை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"செவலை, மயிலை," என்கிறார் அப்பா மெதுவாக.

"செவாலாய்," என்கிறார் அந்தப் பெண்.

"இல்ல தாயி, செவலை."

அவர் திருத்திச் சொல்கிறார். அப்பா சிரிக்கிறார். வண்டியில் ஹாரன் அடிக்கிறது.

"ஒங்க மாட்டுக்கு என்ன பேரு தாயி?"

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள், அந்தப் பெண் ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.